கன்னத்துக்குப் போன கை

எனக்கு வயது அறுபத்தொன்பது. நான் பெற்றது மூன்று, என் தங்கை விட்டுவிட்டுப் போனது இரண்டு, ஆக ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். ஐந்து பேரையும் ஸ்டியரிங் பிடித்த கையால்தான் வளர்த்தேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமையான விஷயத்தைப் பெருமையாகச் சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

நம் ஒலிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. பேருந்துப் பலகையைப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அதற்கு மேல் போனால் கண் சோர்ந்துவிடும். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். சென்சார், கணினி, அலைவரிசை எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதில் நான் மூக்கை நுழைக்கப் போவதில்லை.

குறுக்கே ஓர் ஆள் வந்துவிட்டால் காருக்குள் ஒரு சத்தம் அடிக்க வேண்டும். அடித்தவுடன் ஓட்டுகிறவரின் கால் பிரேக்குக்குப் போக வேண்டும். அந்தச் சத்தத்தை உண்டாக்குவது உங்கள் வேலை. ஓட்டிப் பார்த்து, கால் போகிறதா இல்லையா என்று காட்டுவது என் வேலையாக இருந்தது.

நான் எப்படி இங்கே வந்தேன் என்று சிலர் கேட்பார்கள். என் வீட்டுக்காரர் பட்டுச் சேலைக் கட்டுகளைச் சென்னைக்கு ஏற்றிப்போகும் வேன் வைத்திருந்தார். அவருக்கு இடுப்பு போன பிறகு அந்த வேனை நான் எடுத்தேன். அப்புறம் பள்ளிக்கூட வேன். அப்புறம் ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிப்போகும் வேன். இத்தனை காலத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. அந்தப் பேர்தான் என்னை இங்கே கொண்டுவந்தது. ஐயம்பேட்டை தாண்டி, வண்டிகளை ஓட்டிச் சோதிக்கும் நம் ஓடுதளம் போட்ட புதிதில், சத்தம் உண்டாக்கும் பொறுப்பில் இருந்த மேடம் வேன் நிறுத்தத்துக்கே வந்து, நன்றாக ஓட்டுகிறவர்கள் யார் என்று விசாரித்தார். எல்லாரும் என்னைக் கைகாட்டினார்கள்.

மேடம் பேரை நான் சொல்ல மாட்டேன். சொன்னால் அவருக்குப் பிடிக்காது. சின்னக் காஞ்சிபுரத்துக்காரர், வாத்தியார் வீட்டுப் பெண், படித்துவிட்டு வெளிநாடெல்லாம் போய் வந்தவர். முதல் நாளே என்னிடம் சொன்னார்: "சத்தம் போடுறது பெரிய விஷயம் இல்ல. காதுக்கும் காலுக்கும் நடுவுல ஒரு மனுஷன் உட்கார்ந்திருக்கான். அவன் என்ன பண்றான்னுதான் எனக்குத் தெரியணும்."

அன்றைக்கே அங்கிருந்த ஒரு பையன் என்னை "ஆயா, இப்படி வாங்க" என்றான். "ஆயான்னு கூப்பிட எனக்கு வீட்ல ஆளு இருக்குதுபா. இங்க டிரைவரம்மான்னு கூப்பிடு" என்றேன். அதிலிருந்து மேடமும் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்.

முதலில் வைத்த சத்தம் இரும்பில் இரும்பைத் தேய்த்தது போல இருக்கும். ஓடுதளத்தில் குறுக்கே இழுத்துவிட ஒரு பஞ்சு பொம்மை உண்டு. அதற்குச் சட்டை போட்டு, மாப்பிள்ளை என்று பேர் வைத்திருந்தோம். மாப்பிள்ளை குறுக்கே வந்தான், சத்தம் அடித்தது. என் தோள் இரண்டும் காதுவரை ஏறிவிட்டது. கை ஸ்டியரிங்கை நெரித்தது. ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்த கால் அந்தரத்தில் அப்படியே நின்றது. மாப்பிள்ளை தூரப் போய் விழுந்தான்.

"பயந்துட்டீங்களா?" என்று கேட்டார் மேடம்.

"பயமா? எனக்கா?"

"கால் தொங்கிச்சே டிரைவரம்மா. பயந்தவங்களுக்குக் கால் விறைச்சுப் போகும். இது என் தப்பு, உங்க தப்பு இல்ல."

அதற்குப் பிறகு பயமுறுத்தாத சத்தம் ஒன்றைத் தேடி மேடம் பல மாதம் உட்கார்ந்தார். கடைசியில் ஒன்றைக் கொண்டுவந்தார். வெண்கலத்தைத் தட்டியது போல இரண்டு அடி. கணீர் கணீர் என்று வந்து, பின்னால் ஒரு நீண்ட ரீங்காரம். கேட்டால் காது குளிரும். பெரிய சார், அதாவது நம் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர், கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "இதுக்காகவே கார் வாங்குவாங்க" என்றார். ஓடுதளத்தில் அந்தச் சத்தம் அடித்த போதெல்லாம் என் கால் தாமதிக்காமல் பிரேக்குக்குப் போனது. மாப்பிள்ளை சட்டை கசங்காமல் நின்றான்.

எல்லாருக்கும் சந்தோஷம். அந்த வாரக் கடைசியில் கார் கம்பெனிக்காரர்கள் வந்து சத்தத்தை ஒப்புக்கொண்டு போவதாக ஏற்பாடு. அதற்கு முன் ஊருக்குள்ளும் கொஞ்சம் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று மேடம் சொன்னார். என் வேனிலேயே கருவியைப் பொருத்தினார்கள்.

இனிமேல் சொல்வதை நிதானமாகக் கேளுங்கள்.

காலை நேரம். பிள்ளையார்பாளையத்துத் தெரு ஒன்றில் போகிறோம். அந்தத் தெருக்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெயில் ஏறுவதற்குள் நெசவுக்காரர்கள் பட்டு நூலைத் தெருவோரமாக நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இழை இழையாகப் பிரித்துச் சரிபார்ப்பார்கள். அதுதான் பாவு. பாவு கட்டியிருக்கிற தெருவில் வண்டி ஊர்ந்துதான் போக வேண்டும். நானும் மெதுவாகத்தான் போனேன். பக்கத்து இருக்கையில் மேடம். தன் மகன் கைப்பேசியைக் கீழே வைப்பதே இல்லை என்று குறைபட்டுக்கொண்டு வந்தார். நான் சிரித்துக்கொண்டே கேட்டேன். சத்தத்தைப் பற்றிய நினைப்பே இரண்டு பேருக்கும் இல்லை.

தணிகாசலம் என்று ஒரு நெசவுக்காரர். அப்போது அவர் பேர் எனக்குத் தெரியாது. பாவின் நடுவில் ஓர் இழை தொய்ந்திருந்ததோ என்னவோ, அதையே பார்த்துக்கொண்டு பின்னால் நகர்ந்து நகர்ந்து நடுத்தெருவுக்கு வந்துவிட்டார். முதுகு எனக்கு, முகம் பாவுக்கு. வண்டிக்குள் சத்தம் அடித்தது. கணீர், கணீர்.

வண்டி போய்க்கொண்டே இருந்தது.

"யோவ்! வண்டி! வண்டி!" என்று ஒரு பெண் கத்தினாள். அவர் சட்டென்று திரும்பினார். அதே நொடியில் என் வேனின் பக்கவாட்டில் உள்ளங்கையால் டப் டப்பென்று இரண்டு அறை விழுந்தது. என் கால் பிரேக்கில் இறங்கியது. வேன் குலுங்கி நின்றபோது அவர் வேட்டி பம்பரில் உரசியது. நடுவில் ஒரு சாண் இருந்திருந்தால் அதிகம்.

கத்தியதும் அறைந்ததும் அவருடைய வீட்டுக்காரம்மா. தணிகாசலம் முதலில் பாவைத் தொட்டுப் பார்த்தார். ஓர் இழையும் அறுபடவில்லை என்று தெரிந்த பிறகுதான் என் பக்கம் வந்தார்.

"இன்னாம்மா நெனச்சிக்கினு இருக்கிற? நானு இன்னா சாமியா?"

"என்னய்யா சொல்றே?"

"ஆளு மேல வண்டி வருது, பிரேக்க மிதிப்பியான்னு பாத்தா, என்னப் பாத்துக் கன்னத்துல போட்டுக்கினு வர்ற! தேங்கா பழமெல்லாம் எங்க, பின்னாடி சீட்டுல வெச்சிருக்கிறியா?"

தெருவே சிரித்தது. அவர் வீட்டுக்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. "சிரிக்காதீங்க. நானு கத்தலன்னா இன்னா ஆயிருக்கும்?" என்றாள்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. தப்பு என்னுடையது, மன்னிப்பும் கேட்டேன். ஆனால் இல்லாததைச் சொன்னால் எப்படிப் பொறுப்பது? "நான் கையை எடுக்கலய்யா. இத்தினி வருஷமா ஓட்டறேன். கை ரெண்டும் ஸ்டியரிங்லதான் இருந்துச்சு."

"அப்போ நானு பொய் சொல்றனா? சாமி சத்தியமா சொல்றேன், ரெண்டு கன்னத்துலயும் போட்டுக்கின."

திரும்பி வரும் வழியில், பாலாற்றுச் சாலைக்கு வந்த பிறகு மேடம் மெதுவாகக் கேட்டார்: "டிரைவரம்மா, கையை எடுத்தீங்களா?"

"இல்ல மேடம். நீங்க பக்கத்துலதான இருந்தீங்க?"

"நான் அந்த ஆளைப் பார்த்தேன். உங்களைப் பார்க்கல."

"எடுக்கல. என் பிள்ளைங்க மேல ஆணையா எடுக்கல."

"சரி" என்றார். அந்தச் சரி எனக்குப் பிடிக்கவில்லை.

வேனில் இருந்த கருவியில் எல்லாம் பதிவாகியிருந்தது. ஆள் வந்தது, சத்தம் அடித்தது, பிரேக் தாமதமாக விழுந்தது. கையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ஓட்டுகிறவரை உள்ளே படம் பிடிப்பது மரியாதை இல்லை என்று மேடம் அதுவரை கேமரா வைக்கவில்லை.

பெரிய சார் பதிவைப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. என் குடும்பத்தை விசாரிக்காமல் ஒருநாளும் போனதில்லை. ஆனால் அன்றைக்கு அவருக்கு முன்னால் இருந்தது வாரக் கடைசி. "சத்தம் சரியான நேரத்துல அடிச்சிருக்கு. ஓட்டுறவங்களுக்குத்தான் தாமதம். அறுபதைத் தாண்டினவங்க. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார். என் முகத்தைப் பார்த்து, "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. எல்லாருக்கும் ஒருநாள் ஓய்வு வேணும்" என்றார்.

அதாவது, தப்பு என்னுடையது என்று முடிந்தால் சத்தம் வண்டிகளுக்குப் போய்விடும், நான் வீட்டுக்குப் போய்விடுவேன். ஸ்டியரிங் இல்லாமல் நான் யார் என்று எனக்கு அன்றுவரை யோசிக்க வேண்டிய அவசியம் வந்ததில்லை. அங்கேயே நின்றேன்.

மேடம்தான் பேசினார். "சார், அந்த ஆள் எதுக்கு அப்படிச் சொல்லணும்? திட்டறதுக்கு எவ்வளவோ வார்த்தை இருக்கு. கன்னத்துல போட்டுக்கிட்டாங்கன்னு யாராவது கற்பனை பண்ணித் திட்டுவாங்களா?"

"அதனால?"

"கார் கம்பெனிக்காரங்க வரதுக்குள்ள எனக்கு ஒரு சோதனை வேணும்."

"டிரைவரம்மாதான் தினமும் இங்க ஓட்டுறாங்களே. ஒரு தடவைகூடத் தப்பலையே."

"இங்க அவங்க காத்துக்கிட்டு இருக்காங்க சார். எப்ப அடிக்கும், எப்ப அடிக்கும்னு. தெருவுல காத்துக்கிட்டு இல்ல."

பிள்ளைகளே, என் வேலைக் காலத்தில் நான் கேட்ட பேச்சுகளில் இதுதான் பெரியது. காத்திருக்கும் காது வேறு, காத்திராத காது வேறு. சோதனைக்கென்று உட்காரவைத்தவரிடம் நீங்கள் வாங்கும் பதில், நல்ல சேலை கட்டிக்கொண்டு போட்டோவுக்கு நிற்பவரின் முகம் மாதிரி. அது அவர் முகம்தான். ஆனால் அடுப்படியில் இருக்கும் முகம் அது இல்லை.

என்னை வைத்து அந்தச் சோதனையைச் செய்ய முடியாது. எனக்குத்தான் எல்லாம் தெரிந்துவிட்டதே. அந்தச் சத்தத்தைக் கேட்டறியாத இரண்டு பேரை வேன் நிறுத்தத்திலிருந்து வரவழைத்தார் மேடம். ஒருத்தி கமலா. என்னிடம் ஓட்டக் கற்றவள், என் பேரைக் காப்பாற்றுகிறவள். இன்னொருவர் பாஷா. ஆற்காட்டிலிருந்து வந்து நம் ஊரிலேயே தங்கிவிட்ட குடும்பம். வெளியூரிலிருந்து கோயில் பார்க்க வருகிறவர்களை வேனில் சுற்றிக் காட்டுவது அவர் தொழில்.

பக்கக் கண்ணாடி எப்படித் தெரிகிறது என்று பார்க்கும் சோதனை, சும்மா சுற்றி வாருங்கள் என்று மட்டும் இருவரிடமும் சொல்லப்பட்டது. இந்த முறை வண்டிக்குள் கேமரா வைத்தார்கள். என்னைத் தளத்தின் ஓரம் நிற்கச் சொன்னார்கள். "ஒரு வார்த்தை, ஒரு சாடை கூடாது" என்றார் மேடம்.

கமலா வண்டியில் ஏறும்போது என்னைப் பார்த்துக் கையாட்டினாள். "கண்ணாடி பாக்கறதுக்கு இத்தினி பேராக்கா? கல்யாண வீடு மாதிரி இருக்குது!"

நான் சிரிக்க முயன்றேன். கமலாவின் கால் ஒழுங்காகப் பிரேக்குக்குப் போய்விட்டால் தப்பு என்னுடையது. என் வேலை அன்றோடு சரி. போகாவிட்டால் மேடம் பல மாதம் உட்கார்ந்து உண்டாக்கிய சத்தம் வீண். நான் எதை வேண்டிக்கொள்வது? நான் பழக்கிய பெண் தோற்க வேண்டும் என்றா? வேண்டாமல் நின்றேன். வாழ்க்கையில் அப்படி எதையும் வேண்டாமல் நான் நின்றதே இல்லை.

வண்டி முதல் சுற்று வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் சுற்றும் ஒன்றும் இல்லை. கமலா கண்ணாடியைப் பார்த்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். அடுத்த சுற்றில், வளைவு தாண்டியதும், மாப்பிள்ளை குறுக்கே வந்தான்.

சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அது உள்ளே அடிப்பது. எனக்குத் தெரிந்தது கண்ணாடிக்குப் பின்னால் கமலாவின் வலக்கை. ஸ்டியரிங்கை விட்டு எழுந்தது. ஒரு கன்னம், மறு கன்னம். தலை இலேசாகத் தாழ்ந்தது. மாப்பிள்ளை பறந்துபோய்ப் புல்லில் விழுந்தான்.

வண்டியை நிறுத்திவிட்டு அவள் ஓடி வந்தாள். பஞ்சு பொம்மை என்று சொல்லியும் நம்பவில்லை. குனிந்து தொட்டுப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டாள்.

"என்ன ஆச்சும்மா?" என்று கேட்டார் மேடம். "கையை எடுத்தியா?"

"இல்ல மேடம். கை ரெண்டும் ஸ்டியரிங்லதான் இருந்துச்சு. என் பிள்ளை மேல ஆணையா எடுக்கல." என்னைப் பார்த்துத் திரும்பினாள். "அக்கா, நீங்களே சொல்லுங்க. நீங்கதான கத்துக் குடுத்தீங்க. நானு கையை எடுப்பனா?"

நான் சொன்ன அதே வார்த்தைகள். அதே கோபம்கூட. என் குரலை இன்னொருத்தியின் வாயில் கேட்டது போல இருந்தது. அந்த இடத்தில்தான் நான் தணிகாசலத்தை நம்பினேன். அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

மேடம் அவளுக்குப் படத்தைக் காட்டினார். பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மேடமும் உட்கார்ந்தார், அந்தத் தாரில், நல்ல சேலையோடு. "உன்கிட்ட உண்மையைச் சொல்லாம ஏத்திவிட்டேன். மன்னிச்சிடும்மா" என்றார். இதையும் பழகிக்கொள்ளுங்கள். சொல்லாமல் சோதிக்க வேண்டிவரும். சோதித்த பிறகு தரையில் உட்கார்ந்து மன்னிப்பும் கேட்க வேண்டிவரும்.

அந்தச் சத்தம் எங்களுக்கு என்ன என்று இப்போது உங்களுக்கே விளங்கியிருக்கும். கோயில் மணி. தீபாராதனை காட்டும்போது அடிக்கிற மணி. நம் ஊரில் மணி கேட்டால் கை தானாகக் கன்னத்துக்குப் போகும். கேட்பவர் தெருவில் இருந்தாலும் சரி, தறியில் இருந்தாலும் சரி, ஸ்டியரிங்கில் இருந்தாலும் சரி. பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த மணி. காதிலிருந்து கைக்குப் போக அதற்கு ஒரு தனி வழி இருக்கிறது. அந்த வழியில் மனசு குறுக்கே நிற்பதில்லை. கை போன பிறகுதான் காலின் முறை வரும். அதற்குள் ஆள் வண்டிக்கு அடியில்.

பெரிய சார் விடவில்லை. "அப்படின்னா பாஷா சரியா நிறுத்தணுமே. பார்த்துடலாம்" என்றார். நியாயமான பேச்சுதான்.

பாஷாவை உள்ளே தேநீர் கொடுத்து உட்காரவைத்திருந்தார்கள். அவருக்கு ஒன்றும் தெரியாது. ஏறினார், சுற்றி வந்தார். மாப்பிள்ளை குறுக்கே வந்தான். பாஷாவின் கை இரண்டும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. ஆனால் தலை சட்டென்று இடப்பக்கம் திரும்பியது. வேகம் குறைந்தது, நிற்கவில்லை. மாப்பிள்ளை மறுபடி விழுந்தான்.

"எதுக்கு பாஷா இடது பக்கம் பாத்தே?" என்று நான் கேட்டேன்.

"பாத்தனா?" யோசித்தார். "மணி அடிச்சிதேக்கா. மணி அடிச்சா கோயில்லருந்து ஜனம் வெளிய வரும். எவனும் ரோட்டைப் பாக்க மாட்டான். நம்மதான் பாத்துக்கினு ஓட்டணும்." அதைச் சொல்லிவிட்டு விழுந்து கிடந்த மாப்பிள்ளையைப் பார்த்தார். "யாரு இவன்? நேரா வந்து நிக்கறான்?"

அத்தனை பதற்றத்திலும் எல்லாரும் சிரித்துவிட்டோம். மேடம் மட்டும் சிரிக்கவில்லை. கும்பிடுகிறவர், கும்பிடாதவர் என்று இல்லை. மணிக்கு இந்த ஊரில் எல்லாரும் ஏதோ ஒன்று செய்கிறார்கள். பிரேக் போடுவது மட்டும் அதில் இல்லை.

பெரிய சார் கடைசியாக ஒன்று கேட்டார். "ஒரு ஊர்ப் பழக்கத்துக்காக நாடு முழுக்கப் போற சத்தத்தை நிறுத்தச் சொல்றீங்களா?"

"மணி அடிக்கிறது ஒரு ஊர்தானா சார்?" என்றார் மேடம்.

பெரிய சார் கார் கம்பெனிக்குத் தானே போன் செய்தார். சத்தம் தயாராக இல்லை என்றார். ஓட்டுநரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்காக அவரை நான் மறக்க மாட்டேன்.

எல்லாரும் போன பிறகு மேடம் என்னிடம் சொன்னார்: "எங்க வீட்டுப் பூஜை மணி டிரைவரம்மா அது. அம்மா அடிக்கிறதை ரெக்கார்ட் பண்ணி, அதுலருந்துதான் அந்தச் சத்தத்தை எடுத்தேன். ரொம்பப் பிடிச்சிருந்துது. பிடிச்சிருந்ததாலயே நான் அதைச் சந்தேகப்படல."

உங்கள் கையில் உண்டாகும் சத்தம் உங்களுக்கே மிகவும் பிடித்துவிட்டால், அதை இன்னொரு முறை சோதியுங்கள். வேறு என்ன சொல்ல?

பிறகு மறுபடியும் தேடல். தறியில் பலகை அடிக்கும் சத்தத்தை வைத்துப் பார்த்தோம். நெசவு வீட்டில் பிறந்த கமலாவுக்கு அது காதிலேயே விழவில்லை. "இந்தச் சத்தம் நின்னாதாங்கா எனக்கு முழிப்பு வரும்" என்றாள். இன்னும் என்னென்னவோ வைத்தோம், எடுத்தோம். ஒருநாள் பாஷா விளையாட்டாகச் சொன்னார்: "எதுக்கு மேடம் இத்தினி கஷ்டம்? வண்டிய வெளிய தட்டற சத்தத்தை வெச்சிடுங்க. வண்டி மேல எவன் தட்டினாலும் கால் பிரேக்குல இறங்கிடும். இல்லன்னா அடுத்தது அடிதான்."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். எனக்கும் அதுதான் ஞாபகம் வந்தது. பிள்ளையார்பாளையத்தில் கணீர் கணீருக்கு இறங்காத என் கால், அந்த அம்மாவின் இரண்டு அறைக்கு இறங்கியதே. தகரத்தில் உள்ளங்கை அடிக்கும் டப் டப். அதை யாரும் கும்பிடுவதில்லை. கேட்டுக்கொண்டே யாரும் தூங்குவதில்லை. கீழே ஆள் இருக்கிறான் என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் கிடையாது.

அந்தச் சத்தத்தைச் சீராக்க அவர்களுக்கு இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது. அது உங்களுக்குத் தெரிந்த கதை. என் பங்கு மட்டும் பாக்கி இருந்தது. "என்னைக்கு, எங்கன்னு சொல்ல மாட்டேன்" என்றார் மேடம். "சொல்லாதீங்க" என்றேன். வாரக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. சத்தம் பொருத்தியிருப்பதையே மறந்துவிட்டேன். ஒருநாள் தளத்தில் சும்மா வண்டியை நிறுத்தும் இடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். என் கடைசி மகள் வீட்டு வளைகாப்புக்கு என்ன நிறத்தில் சேலை எடுப்பது என்று மேடத்திடம் கேட்டுக்கொண்டிருந்தேன். மாம்பழ மஞ்சளா, அரக்கா என்று.

டப், டப்.

வண்டி நின்றிருந்தது. நின்ற பிறகுதான் நிறுத்தினேன் என்று தெரிந்தது. மாப்பிள்ளை முன்னால் விறைப்பாக நின்றான். பழைய நானாக இருந்தால், பார்த்தீர்களா என் கையை என்று கேட்டிருப்பேன். அன்றைக்கு அப்படிக் கேட்கவில்லை.

"மேடம், என் கை எங்க இருந்துச்சு?"

"ரெண்டும் ஸ்டியரிங்ல."

"நெஜமா?"

"இந்தத் தடவை உங்களைத்தான் பார்த்துக்கிட்டு வந்தேன்" என்றார்.

அதற்குப் பிறகும் சில வருஷம் அந்த இருக்கையில் நான்தான் உட்கார்ந்தேன். யாரும் அனுப்பாமல், நானாக இறங்கினேன்.

ஓட்டுகிறவரிடம் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். மரியாதைக்குக் கேளுங்கள். அவர் சத்தியம் செய்தால் அந்தச் சத்தியத்தையும் மதியுங்கள். ஆனால் அதை நம்பி ஒரு சத்தத்தைத் தெருவுக்கு அனுப்பாதீர்கள். அவர் கையை நீங்கள் பாருங்கள். கால் எங்கே, கண் எங்கே என்று பாருங்கள். ஐந்து பிள்ளை வளர்த்து, ஒரு கோழியைக்கூட அடிக்காத என் கையே எனக்குத் தெரியாமல் போய் வந்திருக்கிறது. எத்தனை வருஷம், எத்தனை கோயில் மணிக்கு அப்படிப் போயிருக்கும்? இன்றைக்கும் வண்டி எடுத்தால் பக்கத்தில் இருப்பவர்களிடம், என் கையைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் எடுக்கிறேன்.

இவ்வளவும் சொல்லிவிட்டேன். ஆனால் நான் சொன்னதாக நினைப்பது ஒன்றாகவும் வாயிலிருந்து வந்தது வேறாகவும் இருக்கலாம். கண்ணு, கையிலிருக்கிற பேனாவைக் கீழே வை. முதல் வரியிலிருந்து எனக்குப் படித்துக் காட்டு. எனக்குப் பிடிக்காது என்று எதையும் தாண்டிப் போகாதே.